அப்பாவின் வீட்டை அடமானம் வைத்து எடிட்டிங் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, தாராவியிலிருந்து எழுதுகிறேன். வயது 21. இந்த வருடம் பி.ஏ. முடிகிறது. எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே ஆசை. அந்தேரியில் ஒரு தனியார் திரைப்படப் பள்ளியில் இரண்டு வருட டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தக் கட்டணம் 18 லட்சம். 1 லட்சம் கட்டி இடத்தை உறுதி செய்ய இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். மீதிக்கு அவர்களே ஒரு நிதி நிறுவனத்தைக் கைகாட்டுகிறார்கள், 13 சதவீத வட்டி. அப்பா 90 அடி ரோடு பக்கம் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார், மாதம் 22,000 வரும். திருநெல்வேலிப் பக்கம் ஊரில் உள்ள வீட்டை அடமானம் வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு ஊரில் வாங்கிய எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது, ஆனால் அது இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா? படித்துக்கொண்டே வேலை பார்த்து ஃபீஸ் கட்ட முடியுமா? நான் செய்த ஒரு வீடியோவும், கடன் காகிதத்தின் போட்டோவும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, தாராவி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ, வா என்றே எழுதுகிறேன்.

இரண்டு வாரக் கெடு இருப்பதால் அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லட்சத்தைக் கட்டாதே. ஊர் வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். எடிட்டிங்கை மட்டும் விட்டுவிடாதே. நீ அனுப்பிய இரண்டு நிமிட வீடியோவை நான்கு முறை பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. 2001-ல் ஒரு அரசுத் திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் பிரிவில் சேர்ந்தேன். அதற்கு வாங்கிய கல்விக்கடன் 1,80,000 ரூபாய். கேட்பதற்குச் சின்னத் தொகையாகத் தெரியும். அதை நான் கட்டி முடித்தது 2011-ல். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் எடிட்டராக இருக்கிறேன், இன்றும் எந்தப் பிள்ளை கடன் என்ற வார்த்தையை எடுத்தாலும் முதலில் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துவிடுவேன். உனக்கும் அதையே செய்கிறேன்.

நீ அனுப்பிய காகிதத்தில் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தாயா? படிக்கிற காலத்திலேயே மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும் என்று. முன்பணம் ஒரு லட்சத்தையும் கடனாகவே சேர்த்துக் கணக்குப் போடுகிறேன். 18 லட்சத்தில் பாதி முதல் வருடம் பள்ளிக்குப் போகும், பாதி இரண்டாம் வருடம் போகும் என்று வைத்துக்கொள். 9 லட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் மாதம் 9,750. இரண்டாம் வருடம் முழுத் தொகைக்கும் வட்டி, மாதம் 19,500. அப்பாவின் சம்பளம் 22,000. அதில் மிஞ்சுவது 2,500. அதை வைத்து வாடகை, அரிசி, கரண்ட், உன் ரயில் பாஸ் எல்லாம் முடிய வேண்டும். இத்தனைக்கும் அசலில் ஒரு ரூபாய் கூடக் குறைந்திருக்காது. படிப்பு முடிந்த மறு மாதம் தவணை தொடங்கும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 26,900. எல்லாம் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 36 லட்சம் ஆகியிருக்கும்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பார். என் எடிட் அறைக்குப் புதிதாக வரும் உதவியாளருக்கு நான் தருவது மாதம் 25,000. அந்தேரியில் இதைவிடக் குறைவாகத் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதுவும் படம் நடக்கிற மாதங்களுக்குத்தான். ஒரு படம் முடிந்து அடுத்தது வருவதற்குள் இரண்டு மாதம் சும்மா இருப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். டி.வி. வேலையில் பில் கொடுத்து 90 நாள் கழித்துப் பணம் வருவது இந்த ஊரில் எழுதாத சட்டம். தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும். அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் உன் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், அது மட்டும் கெடாது, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபிலும் கெடும்.

அதனால் சினிமாப் படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் என் அளவுகோல் இதுதான்: வேலையே இல்லாத மாதத்திலும், கல்யாண வீடியோ எடிட் பண்ணியாவது அந்த மாதத் தவணையைக் கட்ட முடிய வேண்டும். உன் வீட்டு நிலைமைக்கு அது ஏழாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பேன். நாலு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, மூன்று வருடப் படிப்பு, அதற்குப் பிறகு ஒரு வருட அவகாசம், அப்புறம் பத்து வருடத் தவணை என்று போட்டால் மாதம் சுமார் 6,900 வருகிறது. ஆக, உனக்கான எல்லை நாலு லட்சம். எந்தக் கல்லூரி என்று தேடும்போது இந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடு. கல்லூரியை முடிவு செய்துவிட்டு அதற்கு மேல் பணத்துக்கு அலைவதால்தான் வீட்டுப் பத்திரம் வெளியே வருகிறது.

நாலு லட்சத்தில் எங்கே படிப்பது என்று கேட்பாய். படிக்கலாம். மூன்று மணி நேரத்தில் ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில், புனேயில், எஃப்.டி.ஐ.ஐ. என்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-ல் மத்திய அரசு தொடங்கியது. கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் இன்னொன்று, 1995-ல் தொடங்கியது. இரண்டிலும் எடிட்டிங் மூன்று வருடப் படிப்பு, பட்டம் முடித்தவர்கள்தான் சேர முடியும், உனக்கு இந்த வருடம் அந்தத் தகுதி வந்துவிடுகிறது. தனியார் பள்ளிகள் கேட்பதோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒரு சிறு பங்குதான். எஃப்.டி.ஐ.ஐ.யின் டி.வி. பிரிவில் ஒரு வருட வீடியோ எடிட்டிங் படிப்பும் உண்டு. மூன்று வருடம் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்ற கவலை உனக்கு இருந்தால் அதையும் சேர்த்து யோசி. வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கு அந்தக் கவலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கட்டண அட்டவணையில் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். எஃப்.டி.ஐ.ஐ.யில் மாணவர்கள் கடைசியில் எடுக்கும் டிப்ளமோ படத்தின் செலவைக் கல்லூரியே ஏற்கிறது. பல தனியார் பள்ளிகளில் அந்தச் செலவு மாணவர்கள் தலையில் விழுகிறது. லொக்கேஷன் வாடகை, நடிகர்களின் போக்குவரத்து, யூனிட்டுக்குச் சாப்பாடு என்று பிரித்துக் கட்டச் சொல்வார்கள். கட்டணம் 18 லட்சம் என்று உன்னிடம் சொன்னவர்கள் இதைச் சொன்னார்களா? ஹார்ட் டிஸ்க், லேப்டாப் பற்றிச் சொன்னார்களா?

கஷ்டம் என்னவென்றால் ஒரு பிரிவுக்குப் பத்து, பன்னிரண்டு இடம்தான். நுழைவுத் தேர்வு எழுதி, அதில் தேறினால் நேர்முகம். முதல் வருடமே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதே. என் வகுப்பில் பாதிப்பேர் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதி வந்தவர்கள். இன்னொன்று, மூன்று வருடப் படிப்பு நாலு, ஐந்து வருடம் என்று இழுத்த காலமும் அங்கே உண்டு. கடன் வாங்கும்போது படிப்பு நீண்டால் அவகாசமும் நீளுமா என்று வங்கியில் கேட்டு வைத்துக்கொள்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசுத் திரைப்பட நிறுவனத்தை உன் அப்பா கட்டாயம் சொல்வார், ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். கட்டணம் மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் அது ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான நாலு வருடப் படிப்பு. நீ ஏற்கெனவே மூன்று வருடம் பட்டம் படித்துவிட்டாய். வயது வரம்பு, இருப்பிட விதி இரண்டையும் பார்த்துவிட்டு, மற்ற இரண்டும் கிடைக்காவிட்டால் யோசிக்கலாம்.

இனி அந்தச் சான்றிதழ். உன் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தப்பட வைத்த வரி அதுதான். "இங்கே செல்லாது" என்று யாரோ சொன்னதை வைத்து மொத்தமாக விட்டுவிட்டீர்கள். பாதிதான் உண்மை. மகாராஷ்டிர அரசின் எஸ்.சி. சலுகை வேண்டுமென்றால் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாராவியில் நம் மக்களில் பெரும்பாலோரிடம் அது இருக்காது. அதனால் மாநில அரசின் உதவித்தொகை உனக்கு வராது. ஆனால் எஃப்.டி.ஐ.ஐ.யும் கொல்கத்தா நிறுவனமும் மத்திய அரசின் கீழ் உள்ளவை. புனே மகாராஷ்டிரத்தில் இருக்கிறது என்பதால் மாநில விதி அங்கே பொருந்திவிடாது. மத்திய அரசு நிறுவனத்தில் 15 சதவீத எஸ்.சி. ஒதுக்கீடு உனக்கு உண்டு. அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவரின் பிள்ளை என்று குறிப்பிட்டு உன் பெயரில் இங்கேயே சான்றிதழ் தர விதி இருக்கிறது. ஃபோர்ட்டில் பழைய கஸ்டம் ஹவுஸில் உள்ள மும்பை நகர ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அப்பாவின் சான்றிதழ் அசல், நீ அவர் மகள் என்பதற்கு ஆதாரம், இரண்டும் கையில் இருக்கட்டும். கவுன்டரில் "செல்லாது" என்று மறுபடியும் சொன்னால் "மாநிலச் சலுகைக்குக் கேட்கவில்லை, மத்திய அரசு நிறுவனத்தில் சேரக் கேட்கிறேன்" என்று சொல். அந்த ஒரு வாக்கியம் தெரியாமல் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதமே போ, நாலைந்து முறை அலைய வேண்டியிருக்கும்.

அப்பா அடுத்து ஊருக்குப் போகும்போது தாட்கோ, அதாவது தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகத்தின் அலுவலகத்திலும் ஒரு முறை விசாரிக்கச் சொல். தேசிய அளவில் எஸ்.சி. மக்களுக்கான நிதிக் கழகம் வங்கியைவிடக் குறைந்த வட்டியில் கல்விக்கடன் தருகிறது, அது மாநிலக் கழகங்கள் வழியாகத்தான் வரும். வருமான வரம்பு உண்டு, நீங்கள் மும்பையில் இருப்பதைப் பற்றியும் கேட்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய் அல்லவா? தனியார் பள்ளிகள் "திறமை உதவித்தொகை" என்று தருவது பெரும்பாலும் கட்டணத்தில் தள்ளுபடிதான். 20 சதவீதம் என்றால் உனக்குக் கையில் பணம் வராது, 18 லட்சம் 14.4 லட்சம் ஆகும், அவ்வளவுதான். தலையில் விழும் கனம் பெரிதாகக் குறையாது. டாடா அறக்கட்டளையின் புகழ்பெற்ற ஜே.என். டாடா நிதி 1892-லிருந்து இருக்கிறது, ஆனால் அது வெளிநாட்டுப் படிப்புக்கானது, அதுவும் கடனாகத்தான் தருவார்கள்.

வங்கிக் கடனைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, தெரிய வேண்டியது கொஞ்சம்தான். நாலு லட்சம் வரை கல்விக்கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அப்பா கூடக் கையெழுத்துப் போட்டால் போதும், வீட்டைத் தொட வேண்டியதில்லை. நாலு லட்சம் வரை கைப்பணமும் போட வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டலாம். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் தொழிற்படிப்புக்கு வங்கியில் வாங்கிய கடனில், படிக்கிற கால வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் வருமானம் 2.64 லட்சம். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வை, கடன் வாங்கும்போது அந்தப் படிப்புக்கு இது பொருந்துமா என்று வங்கியில் கேள். இந்த எந்த வசதியும் அந்த 13 சதவீத நிதி நிறுவனக் கடனுக்குக் கிடையாது.

அந்தப் பள்ளி உன்னை ஏன் நிதி நிறுவனத்திடம் அனுப்புகிறது என்று யோசித்தாயா? பல்கலைக்கழகமோ அரசோ அங்கீகரிக்காத டிப்ளமோவுக்குப் பொதுத்துறை வங்கி சாதாரணமாகக் கல்விக்கடன் தருவதில்லை. உன் டிப்ளமோவை அங்கீகரித்தது யார் என்று அவர்களிடம் எழுத்தில் கேள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

2001-ல் முதலில் நான் போன வங்கிக் கிளையில் மேலாளர் என் சேர்க்கைக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு "சினிமாவுக்கு எல்லாம் கடன் கிடையாது" என்றார். அப்பா எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்று நான் அழுதேன், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் வேறு கிளைக்குப் போனோம், மத்திய அரசுக் கல்லூரி என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தோம், கிடைத்தது. உனக்கும் இப்படி நடந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதே. மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரச் சொல். எழுதித் தர வேண்டும் என்றதுமே பேச்சு மாறும்.

சரி, வேலைக்கு வருவோம். படித்துக்கொண்டே சம்பாதித்து ஃபீஸ் கட்ட முடியுமா? 18 லட்சத்தைக் கட்ட முடியாது. சாப்பாடு, பாஸ், ஹார்ட் டிஸ்க், ஊருக்குப் போய்வரும் செலவு, இவற்றைக் கட்டலாம். இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதைவிட அதிகம் முயன்று பார்த்துப் பட்டிருக்கிறேன்.

இரண்டாம் வருடம் விடுமுறைக்கு வந்தபோது ஓர் ஆவணப்படக் கம்பெனிக்கு ரஷஸ், அதாவது எடிட் பண்ணாத மூலப் பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் வேலை எடுத்தேன். நாற்பது மணி நேரப் பேட்டி, தமிழில். யார் என்ன சொன்னார் என்று நேரத்தோடு எழுதி, ஹிந்தியில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். 12,000 பேசினார்கள். கோலிவாடாவில் ஒற்றை அறை வீடு. தம்பிகள் தூங்க வேண்டும் என்பதால் சமையல் மேடைக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு, வாக்மேனில் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நாலு நோட்டுகள் எழுதினேன். அந்தப் பணம் வரவே இல்லை. வாய்ப்பேச்சாகத்தான் வேலை எடுத்திருந்தேன், கையில் ஒரு காகிதம் கூடக் கிடையாது. அந்தப் பணத்தை நம்பி மெஸ் பாக்கி வைத்திருந்தேன், அம்மாவின் வளையல் போய்த்தான் அதை அடைத்தது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மறு செமஸ்டர் முழுக்க ராத்திரி வேலைகள் எடுத்தேன். ஒரு நாள் ஸ்டீன்பெக் என்கிற ஃபிலிம் எடிட்டிங் மேசையில் ஃபிலிமை ஓடவிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது என் வகுப்புத் தோழனின் படத்தில் ஒரு ஷாட் மெஷினின் சக்கரப் பல்லில் சிக்கிக் கிழிந்திருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை, உட்கார்ந்து டேப் போட்டு ஒட்டினான். எனக்குத்தான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இரண்டு விதி. கல்லூரி நடக்கும் நாட்களில் ஷிஃப்ட் வேலை எடுக்காதே, இத்தனை நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசிச் செய்யும் வேலையை மட்டும், சனி ஞாயிறும் விடுமுறையிலும் எடு. பாதிப் பணம் முன்னால் வராமல் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காதே. தொகையும் தேதியும் ஒரு வாட்ஸப் மெசேஜிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

என்ன வேலை என்று கேட்டால், உன்னிடம் எடிட்டிங்கை விட இன்றே விலை போகும் ஒன்று இருக்கிறது. உனக்குத் தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றும் தெரு பாஷையாகவே தெரியும். புத்தகத்தில் படித்து வருவதில்லை அது. இந்த ஊரில் விளம்பரப் படம் ஹிந்தியில் எடுத்துவிட்டுத் தமிழுக்கு, தெலுங்குக்கு மாற்றுவார்கள். நான் மாணவியாக இருந்தபோது முதலில் சம்பாதித்த 600 ரூபாய் அப்படித்தான் வந்தது. ஷாம்பு விளம்பரம். ஹிந்தியில் முடிக்கு "பால்" என்பார்கள், அந்தப் பெண் அதைச் சொல்லி வாயை மூடிவிடுகிறாள். தமிழ் வசனத்தில் "கூந்தல்" என்று எழுதியிருந்தார்கள். அவள் உதடு மூடிய பிறகும் "தல்" கேட்டுக்கொண்டிருந்தது. நான் "முடி" என்று மாற்றச் சொன்னேன். உதட்டோடு சேர்ந்து உட்கார்ந்தது. ஸ்டூடியோவில் இருந்தவர் திரும்பிப் பார்த்து "அடுத்த வாரமும் வா" என்றார். இன்று ஓ.டி.டி. வந்த பிறகு சப்டைட்டில், டப்பிங் வசனம், ரஷஸ் எழுதிக் கொடுப்பது என்று இந்த வகை வேலை பல மடங்கு கூடியிருக்கிறது. வீட்டில் இருந்தே செய்யலாம். செய்யும்போதே ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று காது பழகும், அது எடிட்டருக்குப் பாதிப் படிப்பு.

இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஓர் எடிட் அறையில் உதவியாளராகச் சேர். வெர்சோவா, ஆராம் நகர், வீரா தேசாய் ரோடு பக்கம் கதவைத் தட்டிக் கேட்கலாம், மாஹிமில் ரயில் ஏறினால் அந்தேரி. முதல் ஆறு மாதம் யாரும் உன்னை வெட்ட விடமாட்டார்கள். ஒலியையும் படத்தையும் க்ளாப் பார்த்துச் சேர்ப்பது, ஃபைலுக்குப் பெயர் வைப்பது, இரண்டு டிஸ்க்கில் நகல் எடுப்பது, இதுதான் வேலை. அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரே காட்சியின் பதினோரு டேக்கை வரிசையாகப் பார்த்து, எடிட்டர் ஏன் ஏழாவதை எடுத்தார் என்று பின்னால் உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்தப் பள்ளியிலும் 18 லட்சம் கட்டத் தேவையில்லை. ஒரு வருடத்துச் சம்பளத்தில் பாதியைச் சேர்த்து வைத்தாலே கடன் எல்லை நாலு லட்சத்திலிருந்து மூன்றுக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் படிப்பே எதற்கு என்று தோன்றலாம். எனக்கு முதல் மூன்று படங்களும் என் வகுப்புத் தோழர்கள் கொடுத்தது. ஷாட்டை ஒட்டினான் என்றேனே, அவனுடைய முதல் படத்தை நான்தான் எடிட் பண்ணினேன். தாராவியிலிருந்தோ கோலிவாடாவிலிருந்தோ போகிற பெண்ணுக்கு இந்த ஊர் சினிமாவில் அத்தையும் மாமாவும் கிடையாது. அந்தச் சொந்தத்தைக் கொடுப்பது கல்லூரிதான். அதனால்தான் போ என்கிறேன். கழுத்தில் 26,900 தொங்கிக்கொண்டிருந்தால் தோழனின் சம்பளமில்லாத முதல் படத்தை உன்னால் எடுக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடனை வேண்டாம் என்கிறேன்.

அப்பாவிடம் பேசுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டை வைக்கிறேன் என்று அவராக வந்து சொன்ன பிறகு வேண்டாம் என்றால் மகள் பின்வாங்குகிறாள் என்று நினைப்பார். இந்தக் கணக்கை, அதாவது 9,750, 19,500, 26,900 மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டு. பட்டறையில் ஒரு பைக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டே வாழ்ந்தவர், அவருக்கு உடனே புரியும். அப்புறம் ஃபோர்ட்டுக்கு உன்னோடு அவரையும் கூட்டிப்போ. அவர் பெயரில் இருக்கும் சான்றிதழ் உனக்கு உதவப் போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இனி உன் வீடியோ. அப்பா தோல் பை தைக்கிறார், நூலில் மெழுகு தேய்க்கிறார், ஊசி உள்ளே போகிறது. 41-வது நொடியில் நூலைப் பல்லால் கடித்து அறுக்க நிமிர்கிறார், கேமராவைப் பார்க்கிறார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள். நீ வெட்டவில்லை. அவர் உன்னைப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் மறுபடி குனிகிற வரைக்கும் விட்டிருக்கிறாய். அது எப்படித் தோன்றியது என்று நேர்முகத்தில் கேட்பார்கள், யோசித்து வை. ஆனால் மேலே போட்டிருக்கிற பாட்டை எடுத்துவிடு. தையல் மெஷின் சத்தத்தையும், வெளியே பிள்ளைகள் கத்துவதையும் மட்டும் விட்டு இன்னொரு முறை எடிட் பண்ணி அனுப்பு. மொபைலில் இருக்கும் ஒரிஜினல் ஷாட்டுகளை இன்றே வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா